கடைசி இரவு, கடைசி ரயில்

செவ்வாய்க்கிழமை மாலை. தேதி: 2025 ஜனவரி 21. நெருளில் நின்ற ஒவ்வொரு ஹார்பர் லைன் வண்டியும் இளைஞர்களைக் கொட்டிவிட்டுப் போனது. ஊருக்குள் இருக்கும் டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் பிரிட்டனின் கோல்ட்ப்ளே குழுவுக்கு அன்று மூன்றாவது நாள், கடைசி நாள். ஐந்து வருடங்களுக்கு முன், 2019 டிசம்பர் 15 அன்றும் இதே காட்சிதான். அயர்லாந்தின் யு2 குழு தன் உலகச் சுற்றுப்பயணத்தின் கடைசி நிகழ்ச்சியை இங்கேதான் நடத்தியது. ஏ.ஆர். ரஹ்மானும் மேடை ஏறினார். உலகம் சுற்றும் வாத்தியக் கோஷ்டிகளுக்கு மும்பை என்றால் இப்போது பெரும்பாலும் நெருள்தான்.

ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன் இசை ரசிகர்களின் பயணம் எதிர்த் திசையில் இருந்தது. அப்போது நெருளில் ரயில் நிலையமே கிடையாது. ஆக்ரி, கோலி மக்களின் கிராமங்கள், கழிமுகம், உப்பளம். 1970இல் தொடங்கப்பட்ட சிட்கோ நிறுவனம் புதிய நகரம் ஒன்றை வரைபடத்தில் வரைந்துகொண்டிருந்தது. ரயில் கடற்கழியைத் தாண்டி வாஷியைத் தொட்டது 1992இல். நெருளுக்கு வந்தது அதன் பிறகு. மாதுங்காவிலும் செம்பூரிலும் ஒண்டுக் குடித்தனம் நடத்திய தமிழ்க் குடும்பங்களில் பல, பிள்ளைகள் தலையெடுத்ததும் இந்தப் பக்கம் வந்து செக்டர் எண்களுக்குள் குடியேறின. அந்த வீடுகளின் தாத்தாக்களில் சிலருக்கு இளமையில் ஒரு ரகசியப் பழக்கம் இருந்தது. ஷண்முகானந்தாவில் கச்சேரி கேட்ட அதே காதுடன் அவர்கள் தோபி தலாவுக்கு ஜாஸ் கேட்கப் போனார்கள்.

அந்த வழி இப்போதும் இருக்கிறது. நெருளில் ஏறினால் சி.எஸ்.எம்.டி.க்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். வாஷி பாலத்தில் வண்டி ஓடும்போது ஜன்னல் பக்கம் எல்லோருக்கும் உப்புக்காற்று கிடைக்கும். மான்குர்து வந்ததும் அது போய்விடும். செம்பூரில் மல்லிகைப்பூவும் இட்லி மாவுப் பொட்டலமும் பெட்டிக்குள் ஏறும். குர்லாவில் பாதிக் கூட்டம் மாறும். தாராவியும் மாதுங்காவும் தண்டவாளத்திலிருந்து சற்று மேற்கே ஒதுங்கிக்கொள்ள, வண்டி வடாலாவைத் தாண்டித் துறைமுகக் கிடங்குகளின் ஓரமாகப் போகும். காட்டன் கிரீன், ரே ரோடு, டாக்யார்டு ரோடு. பிறகு மஸ்ஜித். பிறகு, 1996 வரை எல்லோரும் வி.டி. என்று சொன்ன, பெயர் மாறியும் பலர் இன்னும் அப்படியே சொல்கிற அந்தக் கோபுரங்கள்.

வெளியே வந்து மாநகராட்சிக் கட்டடத்தைச் சுற்றி மகாபாலிகா மார்க்கில் நடந்தால் ஒரு பக்கம் ஆசாத் மைதானம். பையன்கள் இருபது கிரிக்கெட் ஆட்டங்களை ஒன்றின் மேல் ஒன்றாக ஆடிக்கொண்டிருப்பார்கள். எதிர்ப்பக்கம் காமா மருத்துவமனை. 1886இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாகத் தொடங்கப்பட்டது. அதை அடுத்துக் கோர்ட்டு, செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியின் கருங்கல் வளைவுகள். இவற்றுக்கு நடுவே மரங்களுக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கிறது ரங் பவன்.

மாநில அரசுக்குச் சொந்தமான திறந்தவெளி அரங்கம் அது. மேடைக்கு மட்டும் கூரை, ரசிகர்களுக்கு வானம். நகரின் இதயத்தில் இப்படி ஓர் இடம் இருந்தது என்பதே இன்றைய மும்பைக்காரர்களுக்கு வியப்பாக இருக்கும். அரங்கின் பெயரைக் கேட்டால் பலருக்கு இப்போது நினைவு வருவது இசையும் அல்ல. 2008 நவம்பர் 26 இரவு ஹேமந்த் கர்கரே, அசோக் காம்டே, விஜய் சாலஸ்கர் ஆகிய மூன்று காவல்துறை அதிகாரிகள் பயங்கரவாதிகளின் குண்டுகளுக்குப் பலியானது இதையொட்டிய ரங் பவன் சந்தில்தான்.

ஜாஸ் விழாவுக்கு தோபி தலாவைத் தேர்ந்தெடுத்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அதைவிடப் பொருத்தமான பேட்டை பம்பாயில் இல்லை. ஐந்து நிமிட நடையில், மெட்ரோ தியேட்டருக்கு எதிரே ஜெர் மஹால். கீழே கயானி இரானி ஓட்டலும் ஃபர்ட்டாடோஸ் வாத்தியக் கடையும். கோவாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் ஊர்வாரியாகச் சேர்ந்து தங்கிய 'கூட்' எனும் விடுதிகள் இந்தப் பேட்டையில் நிறைய. டிரங்க் பெட்டியும் டிரம்பெட்டுமாக வந்து இறங்கியவர்கள் அங்கே படுத்துக்கொண்டு மாலையில் ஓட்டல்களுக்கு வாசிக்கப் போனார்கள். 1935இல் லியான் ஆபி என்ற கறுப்பின அமெரிக்கர் தன் குழுவுடன் தாஜ்மஹால் ஓட்டலுக்கு வந்து வாசித்த பிறகு பம்பாய் மேல்தட்டுக்கு ஜாஸ் பைத்தியம் பிடித்தது. கோவாக்காரர்கள் அதைக் கேட்டுக் கேட்டே கற்றுத் தேர்ந்தார்கள். மிக்கி கொரியாவின் குழு 1939 முதல் இருபது வருடங்களுக்கு மேல் தாஜில் வாசித்தது. சுதந்திரத்துக்குப் பின் மதுவிலக்கு வந்து ஓட்டல்களின் இரவுகளை மங்கலாக்கியபோது இவர்களில் பலர் சினிமா ஸ்டுடியோக்களுக்குள் நுழைந்தார்கள். 'அமர் அக்பர் ஆண்டனி'யில் அமிதாப் பச்சன் ஏற்ற ஆண்டனி கொன்சால்வ்ஸ் என்ற பெயர், இசையமைப்பாளர் பியாரேலாலுக்கு வயலின் கற்றுக்கொடுத்த கோவா ஆசிரியரின் பெயர்.

நிரஞ்சன் ஜவேரி என்ற ஜாஸ் பித்தரும் அவருடைய நண்பர்களும் நடத்திய 'ஜாஸ் யாத்ரா'வின் முதல் விழா 1978 பிப்ரவரியில் ரங் பவனில் நடந்தது. மதுவிலக்குக்குப் பேர்போன மொரார்ஜி தேசாய் அப்போது பிரதமர் என்பது ஒரு வேடிக்கை. சோனி ராலின்ஸ் வந்தார். கிளார்க் டெர்ரி வந்தார். ஜப்பானிலிருந்து சதாவோ வதனபே வந்தார். ராலின்ஸுக்கு பம்பாய் புதிதல்ல. புகழின் உச்சியில் சாக்ஸபோனை ஓரமாக வைத்துவிட்டு, பவாயில் உள்ள ஓர் ஆசிரமத்தில் வேதாந்தமும் தியானமும் படித்துக்கொண்டு மாதக் கணக்கில் இருந்தவர் அவர். இந்த முறை மேடைக்கே வந்தார். அதன் பிறகு இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை என்று விழா நடைபோட்டது.

கர்நாடக இசையில் ஊறிய ஒருவருக்கு அங்கே என்ன கிடைத்தது? முதலில் குழப்பம்தான் கிடைத்திருக்கும். ஆனால் கூர்ந்து கேட்டால் எலும்புக்கூடு பழகியதாகத் தெரியும். குழு ஒரு மெட்டை வாசிக்கிறது. பிறகு ஒவ்வொருவராக அதை எடுத்துத் தங்கள் கற்பனையில் விரிக்கிறார்கள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து முதல் மெட்டுக்கே திரும்புகிறார்கள். பல்லவியின் எடுப்பு, நிரவல், கற்பனாஸ்வரம், மீண்டும் எடுப்பு என்று இதைப் புரிந்துகொள்ள மாதுங்கா ரசிகருக்கு அதிக நேரம் ஆகாது. சாக்ஸபோன்காரரும் டிரம்ஸ்காரரும் நான்கு நான்கு தாளக்கட்டாக மாற்றி மாற்றி வாசிக்கும் கட்டம் வந்தால் அவர் நிமிர்ந்தே உட்கார்ந்திருப்பார். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் கணக்கைக் குறைத்துக்கொண்டே வரும் 'குறைப்பு'க்கு அது ஒன்றுவிட்ட தம்பி. டிரம்ஸ் தனியாக முழங்கும்போது எழுந்து தேநீர் குடிக்கப் போகிறவர்கள் அங்கேயும் உண்டு என்பது கூடுதல் ஆறுதல்.

வேற்றுமை வேறிடத்தில் இருக்கிறது. தம்பூரா ஒரே ஆதார சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, அதன் மேல் ராகம் வளர்வது நம் முறை. ஜாஸில் அடியில் இருக்கும் சுரக்கூட்டுகள் நொடிக்கு நொடி மாறும். மேலே வாசிப்பவர் அந்த மாற்றத்துக்கு ஈடுகொடுத்தபடியே கற்பனை செய்ய வேண்டும். ஒருவர் அசையாத தரையில் நடக்கிறார். மற்றவர் ஓடும் ரயிலின் மேல் நடக்கிறார். மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் வருட இசைத்தட்டான 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வுக்குப் பிறகு சில ஜாஸ் கலைஞர்கள் ரயிலின் வேகத்தைக் குறைத்து ஒரே ஸ்வர வரிசையில் நெடுநேரம் தங்கத் தொடங்கினார்கள். ராகக்காரர்கள் ஏறிக்கொள்ள அப்போதுதான் படிக்கட்டு கிடைத்தது.

ஏறியவர்களில் ஒருவரின் கதை இங்கே அவசியம். தென் கன்னட மாவட்டத்தில் நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்தவர் கத்ரி கோபால்நாத். தந்தை தனியப்பா நாகஸ்வர வித்வான். பையன் மைசூர் அரண்மனை பேண்டு வாத்தியத்தில் சாக்ஸபோனைக் கேட்டான்; அதற்குப் பிறகு வேறெதுவும் கேட்கவில்லை. அடோல்ஃப் சாக்ஸ் என்ற பெல்ஜியக்காரர் 1846இல் காப்புரிமை பெற்ற கருவி அது. ராணுவ பேண்டுக்கு ஏற்றது, கமகத்துக்கு எதிரி. ஸ்வரங்களுக்குச் சாவிகள், சாவியை அழுத்தினால் துளை மூடும் அல்லது திறக்கும், அவ்வளவுதான். தோடியின் காந்தாரத்தை அசைக்க அதில் வழி கிடையாது. கோபால்நாத் கருவியின் சில உறுப்புகளை மாற்றினார். மீதியை உதட்டாலும் மூச்சாலும் சாதித்தார். வருடக் கணக்கில் உழைப்பு, சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பயிற்சி. அப்படியும் சபாக்காரர்களுக்கு அவர் வெகுநாள் ஒரு விநோதமாகவே இருந்தார்.

1980ஆம் வருட பம்பாய் ஜாஸ் விழாவில் அவர் வாசித்ததைக் கலிஃபோர்னியாவின் ஜான் ஹேண்டி கேட்டார். ஹேண்டி சாதாரண ஆள் அல்ல. 1975இலேயே அலி அக்பர் கானுடன் சேர்ந்து 'கருணா சுப்ரீம்' இசைத்தட்டைப் பதிவு செய்தவர். தன் கருவியில் இப்படி ஓர் ஒலி வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சேர்ந்து வாசிக்கலாமா என்று கேட்டவர் அவர்தான். கோபால்நாத்தின் வாழ்க்கை அங்கே திரும்பியது. 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பி.பி.சி.யின் ப்ராம்ஸ் விழாவில் அவர் வாசித்தார். அதே வருடம் கே. பாலசந்தரின் 'டூயட்' வந்தது. தமிழ்நாட்டின் டீக்கடைகளுக்கும் சாக்ஸபோன் சொந்தமானது. 2019 அக்டோபரில் மங்களூரில் அவர் மறைந்தார்.

இதே காலத்தில் இன்னொருவர் எதிர்த் திசையில் வந்துகொண்டிருந்தார். பாஸ்டனில் பிறந்த சார்லி மரியானோ பெயர்பெற்ற சாக்ஸபோன் கலைஞர். மலேசிய வானொலியின் இசைக்குழுவுக்குப் பயிற்சி கொடுக்க 1960களில் கோலாலம்பூர் போன இடத்தில் நாகஸ்வரத்தைக் கேட்டார். தோட்டத் தொழிலாளர்களோடு கடல் கடந்து போன அதே நாகஸ்வரம். அதன் பிறகு இந்தியாவுக்கு வந்து மாதக் கணக்கில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். தன் இசைத்தட்டுகளில் அதை வாசித்தார். பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவுடன், அதாவது டி.ஏ.எஸ். மணி, பாடகி ஆர்.ஏ. ரமாமணி ஆகியோருடன், அவர் செய்த 'ஜ்யோதி' 1983இல் ஜெர்மனியிலிருந்து வெளிவந்தது. நாகஸ்வர வீட்டுப் பிள்ளை சாக்ஸபோனுக்குப் போனார்; சாக்ஸபோன்காரர் நாகஸ்வரத்துக்கு வந்தார். நம் இசை வரலாற்று நூல்களில் இந்த இருவரையும் ஒரே பக்கத்தில் பார்ப்பது அரிது.

ரமாமணியையும் மணியையும், லூயிஸ் பேங்க்ஸின் பியானோ, பிராஸ் கொன்சால்வ்ஸின் சாக்ஸபோனோடு சேர்த்து 'சங்கம்' என்ற குழு உருவானதும் ஜாஸ் யாத்ரா வட்டாரத்தில்தான். இந்தக் கலப்பு முயற்சிகள் எல்லாம் வெற்றி என்று சொல்ல முடியாது. பல மேடைகளில் நடந்தது உரையாடலே அல்ல. ஆளுக்கொரு ஆவர்த்தனம் வாசித்துவிட்டு, கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் வேகமாக முடித்துக் கைதட்டல் வாங்குவது. தாளத்தில் நம்மவர்கள் எளிதில் ஜெயித்தார்கள்; அதனால் தாளமே முன்னுக்கு நின்று ராகம் பின்னுக்குப் போனது. ஆனால் பத்தில் ஒன்று நிஜமாகவே கூடிவரும். எது என்று முன்கூட்டித் தெரியாது. அதற்காகத்தான் ரசிகர்கள் மற்ற ஒன்பதையும் சகித்துக்கொண்டார்கள்.

அந்த ஒன்றுக்கு அதிக வாய்ப்பு விழாவின் கடைசி நாளில் இருந்தது. நம் கச்சேரிக்கு முடிவு திட்டமானது. துக்கடாக்கள் வந்துவிட்டால் ரசிகர் செருப்பைத் தேடலாம். மங்களம் பாடினால் வீட்டுக்குப் போகலாம். ஜாஸ் விழாக்களின் கடைசி இரவுக்கு உலகெங்கும் வேறொரு வழக்கம் உண்டு. பட்டியலில் உள்ளவர்கள் வாசித்து முடித்த பிறகு, ஒரு வாரமாக ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்த கலைஞர்கள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து சேர்ந்துகொள்வார்கள். ஒத்திகை கிடையாது. யாருக்கு யார் பக்கவாத்தியம் என்ற கேள்வியும் கிடையாது. விழா அத்துடன் தீர்ந்துவிடுவதால் யாருக்கும் மறுநாள் கவலை இல்லை. இது எப்போது முடியும் என்று வாசிப்பவர்களுக்கே தெரியாது.

இந்த இடத்தில்தான் மாதுங்காவுக்கும் செம்பூருக்கும் சோதனை. தென் பம்பாய்க்காரர்கள் காரில் வந்தவர்கள். நடுத்தர வர்க்கத்துக்கோ வி.டி.யிலிருந்து நள்ளிரவுக்கு மேல் ஒரே ஒரு கடைசி வண்டி; அதை விட்டால் பிளாட்பாரத்தில் விடியும்வரை கொட்டாவி. இடத்திலிருந்து எழுந்து, வாசலில் நின்று இன்னும் ஒரு சுற்று கேட்டு, சந்து முனையில் மறுபடி நின்று, ஆசாத் மைதானத்தின் இருட்டில் அந்த ஒலி தேயும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஸ்டேஷனுக்கு ஓடியவர்கள் எத்தனையோ பேர். திறந்தவெளி அரங்கின் தாராளம் அது. டிக்கெட் இல்லாத சந்துக்கும் இசையைக் கொடுக்கும்.

அந்தத் தாராளமே அதற்கு வினையாக முடிந்தது. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை விதித்தன. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் ஆனது. ரங் பவனைச் சுற்றிப் பார்த்தால் சட்டம் இந்த அரங்கை மனத்தில் வைத்து எழுதப்பட்டதோ என்று தோன்றும். மூன்றுமே இருக்கின்றன. திருவிழா, கலைவிழா நாட்களில் வருடத்துக்கு 15 நாள் வரை நள்ளிரவுக்கு நீட்டிக்கலாம் என்று 2002இல் ஒரு சலுகை வந்தது. ஆனால் ரங் பவனின் சிக்கல் நேரம் மட்டுமல்ல, இடமும்தான். 2003 வாக்கில் கச்சேரிகள் நின்றன. ஜாஸ் யாத்ராவும், 1986 முதல் ராக் இசை ரசிகர்கள் கூடிய இன்டிபென்டன்ஸ் ராக் விழாவும் வீடிழந்தன.

சட்டத்தைத் திட்டுவது எளிது. காமா மருத்துவமனையின் வார்டில் பிரசவ வலியோடு படுத்திருக்கும் பெண்ணிடம் போய், வாசிப்பவர் உலகப் புகழ்பெற்றவர் என்று சொல்ல முடியாது. அவள் தூக்கத்துக்குத்தான் முதல் உரிமை. குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒலி வெளியே போகாமல் அரங்கைத் திருத்தவோ, நடுத்தர வர்க்கம் ரயிலில் போய்ச் சேரக்கூடிய வேறு திறந்தவெளியைக் காட்டவோ கோடிக்கணக்கில் வரி வாங்கும் இந்த நகரத்துக்கு மனம் வரவில்லை. இருபது வருடங்களுக்கு மேலாக யோசனைகள் மட்டும் வந்து போகின்றன. மராத்தி மொழி பவன் இங்கே கட்டப்படும் என்று ஒரு பேச்சு எழுந்தது. அது பிறகு சர்னி ரோடு பக்கம் போய்விட்டது.

விதிகள் வந்த அதே 2000ஆம் வருடம் டிசம்பர் 8, 9 தேதிகளில் ஜான் மெக்லாக்லினின் 'ரிமெம்பர் சக்தி' குழு மும்பையில் வாசித்தது. இரண்டாவது, கடைசி இரவு சனிக்கிழமை. இசைத்தட்டின் பெயரே 'சாட்டர்டே நைட் இன் பாம்பே'. மாண்டலின் ஸ்ரீநிவாஸ், ஜாகிர் ஹுசேன், கஞ்சிராவில் செல்வகணேஷ், சிவமணி, தவில் பழனிவேல். தியாகராஜரின் பங்காள ராகக் கீர்த்தனை 'கிரிராஜ சுதா' அங்கே மெக்லாக்லினின் கிதாரோடு கலந்தது. பாடியவர் சங்கர் மகாதேவன். செம்பூரில் வளர்ந்து, டி.ஆர். பாலாமணியிடம் கர்நாடக இசை கற்று, 1988இல் பொறியியல் பட்டம் வாங்கியவர். அவர் படித்த ராம்ராவ் ஆதிக் கல்லூரி இன்று இருப்பது நெருளில். கோல்ட்ப்ளே வந்த மைதானத்துக்குப் பக்கத்து வளாகம். அவர் குரலோடு 'சக்தி' மீண்டும் கூடிச் செய்த 'திஸ் மொமென்ட்' 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது. அந்த டிசம்பரிலேயே ஜாகிர் ஹுசேன் காலமானார்.

நரிமன் பாயின்ட்டில் என்.சி.பி.ஏ. அரங்குகளில் ஜாஸ் விழா நடக்கத்தான் செய்கிறது. குளிர்சாதனம், இருமல்கூடக் கேட்கும் துல்லியம், குறித்த நேரத்தில் தொடக்கம், குறித்த நேரத்தில் முடிவு. ஒலி சுவரைத் தாண்டாது. சந்தில் நிற்பவருக்கு அங்கே வேலை இல்லை.

ரங் பவன் வாசலில் மாலை ஆறு மணிக்கு நின்றால், பூட்டிய கேட்டுக்கு வெளியே சேவியர்ஸ் மாணவர்கள் வடாபாவ் தின்றுகொண்டிருப்பார்கள். பார்வையாளர் நேரம் முடிந்து மருத்துவமனையிலிருந்து தூக்குச்சட்டிகளோடு வருகிறவர்கள் ஸ்டேஷனைப் பார்த்து நடப்பார்கள். அவர்களோடு நடந்து பன்வெல் வண்டியில் ஏறினால், எட்டு மணிக்குள் நெருள்.

மைதானத்தில் நிகழ்ச்சி இருக்கும் நாட்களில் நெருளிலும் அதே சட்டம்தான். எந்தக் குழுவாக இருந்தாலும், கடைசி நாளாகவே இருந்தாலும், இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கி ஓய வேண்டும். சி.எஸ்.எம்.டி.க்கு அதற்குப் பிறகும் வண்டிகள் இருக்கின்றன. கடைசி ரயிலுக்காக யாரும் பாட்டின் நடுவில் எழுந்து ஓட வேண்டியதில்லை.